மலைவழி சொல்லும் தமிழ்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாண்டுகள் ஓர் இலக்கிய அமைப்பைத் தொய்வின்றி நடத்துவது எளிதன்று. தறியில் அமர்ந்த கால் வலியோடு மாலையில் வந்து சங்கப் பாட்டுக்குப் பொருள் கேட்கும் அன்பர்கள் இவ்வூரில் இருப்பதனால்தான் அது இயன்றது. அத்தகைய அவையில் மலைவழிகளைப் பற்றிப் பேச இசைந்தேன். "கண்ணுக்கெட்டிய வரை வயலும் ஏரியுமாகக் கிடக்கும் காஞ்சியில் மலைக்கு என்ன வேலை?" என்று நண்பர் ஒருவர் வினவினார். வேலை உண்டு. நம் ஊருக்குத் தென்கிழக்கே திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் வந்து கலக்கிறதே செய்யாறு, அது சவ்வாது மலையில் பிறப்பது. அந்த ஆற்றைச் சேயாறு என்னும் பெயரால் பாடி, அதன் மலைநாட்டுக்கு வழி சொல்லும் நூல் ஒன்று பத்துப்பாட்டில் உள்ளது. மலைபடுகடாம் என்பது அதன் பெயர்.

பத்துப்பாட்டுள் ஆற்றுப்படைகள் ஐந்து. அவற்றுள் பெரும்பாணாற்றுப்படையைக் காஞ்சி மக்கள் மறப்பதற்கில்லை; கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாணனை 500 அடிகளில் நடத்திக் கொண்டுவந்து சேர்ப்பது தொண்டைமான் இளந்திரையனின் கச்சிக்குத்தான். அவ்வழி உப்பு வணிகரின் வண்டிகள் செல்லும் பெருவழி. எயினர் குடியும், ஆயர் குடியும், உழவர் குடியும் கடந்து வருவது. மலைபடுகடாமோ 583 அடிகளில் கூத்தர் கூட்டத்தை மேட்டுக்கு ஏற்றுகிறது. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது; செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. செங்கண்மா இன்றைய செங்கம். நூலிற் குறிக்கப்பெறும் நவிரமலை, இன்று முழுநிலா நாள்களில் நம் ஊரார் பலரும் ஏறிவரும் பருவதமலையே என்பது அறிஞர் கருத்து.

இந்நூலை நாம் எவ்வாறு பயிற்றுவிக்கிறோம்? உவமை நயம், நன்னனின் கொடைத்திறம், இருபது வகை மலை ஒலிகள் என்று வினாத்தாளுக்கு ஏற்பக் கூறுபோடுகிறோம். அது நடப்பவனுக்குச் சொன்ன நூல் என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம். நன்னனைக் கண்டு பரிசில் பெற்று இறங்கி வரும் கூத்தன், ஏறப்போகும் கூத்தனிடம் பேசுகிறான். அவன் பேச்சில் பாதிக்கு மேல் வழி.

அவன் கூறுவனவற்றைச் சற்றுக் கேளுங்கள். தினைப்புனத்தருகே பன்றிக்கு அடார் என்னும் கற்பொறி வைத்திருப்பார்கள். ஆகவே இருளில் நடவாதீர்கள், விடிந்தபின் செல்லுங்கள். பாம்புகள் குழிகளில் மறைந்து கிடக்கும், பார்த்துச் செல்லுங்கள். பரணிலிருந்து யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள். அக்கல் கூற்றம் போல வரும். பெரிய மரங்களை மறைவாகக் கொண்டு கடந்து போங்கள். நீரோடும் பாறையில் பாசி காலை வழுக்கும். வழியோரம் பின்னிக் கிடக்கும் சிறுமூங்கிலையும் கோரைத் தண்டையும் பற்றிக்கொள்ளுங்கள். இரவானால் குகையில் உங்கள் வீடு போலத் தங்குங்கள்.

இவற்றினும் என்னை வியக்க வைத்தவை இரண்டு. குறவரே திசை மயங்கும் குன்று ஒன்று வரும். அங்கே வழி தெரியாவிட்டால் மேலும் நடக்காதீர்கள். அகன்ற பாறையில் அனைவரும் ஒன்றுகூடி உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள் என்கிறான். ஆற்றுத்துறையில் கால் தவறி வீழ்ந்தவரைக் காக்க ஓடுவது போலக் கானவர் விரைந்து வந்து, பழம் தந்து, முன்னே நடந்து வழிகாட்டுவர் என்கிறான். மலையில் வழி தவறினால் நின்றுவிடு, கூடியிரு, ஒலி எழுப்பு என்று இன்றைய மலையேற்றப் பயிற்சியில் கற்பிக்கிறார்கள். நம் கூத்தன் சொன்னதும் அதுவே.

மற்றொன்று, பாதைகள் பிரியும் இடத்தைப் பற்றியது. அவ்விடத்தைக் கையால் துடைத்துச் சீர்செய்து, சரியான வழியில் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கிறான். முன்பு அறியாத புதியவர் பின்னே வருவாரல்லவா, அவர்க்காக! பரிசிலுக்கு விரைகிற வறியவன், தனக்குப் போட்டியாகப் பின்னால் வரக்கூடியவனுக்கு வழியில் முடிச்சிட்டுப் போகிறான். இதை நான் அறம் என்றே கூறுவேன். கொடைமடம் பாடிய பகுதிகளைவிட இச்சிறு தொடரையே உயர்வாக மதிப்பேன்.

இனி, சவ்வாது மலையினும் மிக உயர்ந்த ஒரு மலைக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். நீலமலையின் மேற்குப் பகுதி. உதகையின் பூங்காவும் படகும் அன்று நான் சொல்வது. அவற்றைத் தாண்டி, அவலாஞ்சி, மேல்பவானி, முக்குறுத்தி என்று விரியும் உயர்ந்த புல்வெளி. முக்குறுத்திச் சிகரத்தின் உயரம் 2,554 மீட்டர். அலையலையாகப் புல் போர்த்த குன்றுகள். குன்றுகளின் மடிப்பில் மட்டும் கருமையாகச் செறிந்த குறுங்காடு. பள்ளத்தில் கால் வைத்தால் அமிழும் சதுப்பு. ஐரோப்பியப் பனிமலைச் சிற்றூர்களைச் சுற்றி நடைவழிகள் செல்லும் மேட்டுப் புல்நிலங்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் அதற்கு மிக நெருங்கிய தோற்றம் இதுவே.

அந்த மடிப்புக் காட்டுக்கு உலகத் தாவர நூலார் வைத்த பெயர் 'சோலா'. நம் சோலைதான் அது. காட்டுக்குத் தமிழ்ப் பெயர் கடல் கடந்து போயிற்று, புல்லுக்குப் போகவில்லை. புல்வெளியை வந்தவர்கள் 'டவுன்ஸ்' என்று தம் ஊர்ப் பெயரிட்டு அழைத்தார்கள். வருவாய்க் கணக்கில் அதைத் தரிசு என்றார்கள். 1819இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் மேலேறினார். அதன்பின் சில ஆண்டுகளில் கல்வீடுகள் எழுந்தன, பாதைகள் வெட்டப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆஸ்திரேலிய மரங்களான சீகையும் கற்பூர மரமும் நடப்பட்டன. விடுதலைக்குப் பின்னரும் நாம் அதை நிறுத்தவில்லை. தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டியிருந்தது. மரம் இல்லாத இடம் வீண் என்ற எண்ணமும் வலுவாக இருந்தது. குந்தா நீர்மின் திட்டத்தால் பள்ளத்தாக்குகள் சில நீர்த்தேக்கங்களாயின. இன்று அங்கு நடப்பவர் புல்வெளி என்று தேடிப் போய்ப் பல இடங்களில் சீகைத் தோப்பின் இருளில் முட்டிக்கொண்டு நிற்க நேர்கிறது.

அப்புல்வெளி வீண் நிலம் அன்று. குளிர்காலத்து இரவுகளில் திறந்த சரிவுகளில் உறைபனி விழும். மரக்கன்று கருகும், புல் தாங்கும். ஆகவே அங்குப் புல்லே இயற்கை. சாண்டிநல்லா சதுப்பின் கரிமண்ணை ஆராய்ந்து இந்திய அறிவியலார் 1993இல் வெளியிட்ட முடிவுகள், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே அம்மலையில் புல்வெளி பரந்திருந்ததைக் காட்டின. யாரோ காட்டை அழித்ததால் வந்த புல் என்னும் கூற்று அதனால் அடிபட்டுப் போயிற்று. மழையை உறிஞ்சி வைத்து, கோடையில் சிறிது சிறிதாக விடுவது அந்தப் புல்லும் சதுப்புமே. பைக்காரா முக்குறுத்தியில் பிறந்து மோயாறாகிப் பவானியோடு சேர்கிறது. பவானி காவிரிக்குச் செல்கிறது. சமவெளியில் குடம் நிரப்பும் நமக்கு அந்த மேட்டுப் புல்லோடு உறவில்லை என்று எப்படிச் சொல்வது?

அந்நிலத்தின் வழிகளை அறிந்தவர் தோதவர். எருமை மேய்த்துப் பாலை வழிபாட்டுப் பொருளாகப் போற்றும் மக்கள். அவர்கள் குடியிருப்பு மந்து. நம் மன்று, மந்தை என்னும் சொற்களோடு உறவுடையது. மலை குறிஞ்சி, மேய்ச்சல் முல்லை என்று பிரித்துக் கற்பிக்கும் எனக்கு, குறிஞ்சியின் உச்சியில் முல்லை வாழ்க்கையைக் கண்டது தொல்காப்பியர் கூறிய திணைமயக்கத்துக்கு நேரில் கிடைத்த உரையாக இருந்தது. எமனோ என்னும் மொழியறிஞர் 1971இல் வெளியிட்ட தோதவர் பாடல் தொகுதியைப் புரட்டினால் குன்றுக்கும் ஓடைக்கும் மந்துக்கும் பெயர், பெயர், பெயர்! பாட்டே நிலப்படமாக இருக்கிறது. 1906இல் தோதவரைப் பற்றி நூல் எழுதிய ரிவர்ஸ், இறந்தவர் மேற்கே மறுமைக்கு நடந்து செல்லும் வழியையும் பதிந்திருக்கிறார். அவ்வழியில் ஓர் ஆறு. அதைக் கடக்க ஒரு நூற்பாலம். பொறாமைக்காரரும் தன்னலக்காரரும் அதிலிருந்து ஆற்றில் விழுவர். அங்கே அட்டைகள் கடிக்கும்! நூலோடு வாழும் நம் ஊராருக்கு இதை நான் சொல்லாமல் போனால் தவறு. வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்பும் கொண்டு, வரைபடம் ஏதுமின்றி இழைகளை எண்ணியே தோதவப் பெண்கள் இடும் பூவேலையைக் கண்டால் நம் நெசவாளர்கள் எழுந்து நின்று வணங்குவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் வனத்துறை இசைவு பெற்று எங்கள் மாணவியர் சிலரோடு அப்பகுதியில் ஒரு பகல் நடந்தேன். வழிகாட்டியாக உள்ளூர் இளைஞர் ஒருவர் வந்தார். நண்பகலுக்கு முன்பே மஞ்சு இறங்கிற்று. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. "அம்மா, யாரும் அசைய வேண்டாம். எல்லாரும் இந்தப் பாறை மேலே உட்காருங்கள்" என்றார் அவர். அச்சத்தை மறைக்க மாணவியர் பாடத் தொடங்கினர், அதுவும் திரைப்பாட்டு. நான் அடக்க முற்பட்டபோது அவர், "பாடட்டும் அம்மா, நல்லதுதான். பக்கத்திலே காட்டெருமை இருந்தால் விலகிப் போகும்" என்றார். அவர் மலைபடுகடாம் படித்தவரல்லர். பாறை, கூட்டம், பாட்டு மூன்றும் பிசகாமல் அங்கே அமைந்தன. முக்கால் மணி நேரத்தில் மஞ்சு விலகியது. நாங்கள் அமர்ந்திருந்த இடத்திலிருந்து முப்பது நாற்பது அடியில் சரிவு செங்குத்தாக இறங்கியது.

அவர் இல்லாதிருந்தால்? இக்கேள்வி வெறும் கற்பனை அன்று. 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைச்சரிவில், கோடையில் காய்ந்து கிடந்த புல்லில் பற்றிய தீ, நடைபயணம் சென்று திரும்பிக்கொண்டிருந்தவர்களைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; அவர்களுள் பெண்கள் பலர். என் மாணவியர் வயதினர். தீ சரிவில் மேல்நோக்கி விரைந்து ஏறும் என்பதும், எந்தத் திங்களில் எந்தப் புல் வெடிமருந்துக்குச் சமம் என்பதும் அம்மலையில் பிறந்தவர்க்குத் தெரியும். நகரத்திலிருந்து செல்பவர்க்கு யாராவது சொல்ல வேண்டும். ஆற்றுப்படை என்றால் வேறென்ன? ஆறு என்பது வழி. படை என்பது படுத்துதல், செலுத்துதல். நான் இரங்கற் பாவாக இதைச் சொல்லவில்லை. பெண்கள் மலைக்குப் போனதே பிழை என்று அந்நாளில் சிலர் பேசக் கேட்டேன். விறலியர் கூத்தரோடு மலையேறிய நாட்டில் அப்பேச்சுக்கு இடமில்லை. குறை போனதில் இல்லை. வழி சொல்லும் முறை அறுந்துபோனதில் உள்ளது.

அம்முறை மீண்டும் முளைத்திருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். குரங்கணிக்குப் பின் அதே ஆண்டில் அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் தொடங்கப்பெற்று, 14 மாவட்டங்களில் 40 வழிகள் அறிவிக்கப்பட்டன. மலைவாழ் மக்களின் இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் பயிற்றுவிக்கப்படுகின்றனர். காட்டுத்தீக் காலத்தில் வழிகள் மூடப்படுகின்றன. முன்பதிவும் கட்டணமும் பற்றி முணுமுணுப்போர் உண்டு. கட்டணம் குறைய வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. கல்லூரி மாணவர்க்கு அது சுமைதான். ஆனால் வழிகாட்டி வேண்டாம் என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. கானவர் முன்னே நடக்க, விருந்தினர் பின்னே நடப்பதுதான் மலைக்குரிய ஒழுங்கு.

இறுதியாக வட்டத்தார்க்கு ஒரு வேண்டுகோள். மலைபடுகடாத்தின் வழிகூறும் பகுதியை மட்டும் எடுத்து, பாசி, பொறி, கவண்கல், புல்முடிச்சு எல்லாவற்றுக்கும் எளிய உரை எழுதி, சட்டைப்பையில் அடங்கும் சிறு நூலாக வெளியிடுங்கள். உரையை நான் எழுதித் தருகிறேன். அச்சுச் செலவில் பாதியை என் பங்காக ஏற்கிறேன். முதற்படிகளை வரும் முழுநிலாவில் பருவதமலை ஏறும் நம் ஊர் அன்பர்களுக்குக் கொடுப்போம். அடுத்த கட்டை நீலமலை வழிகாட்டி இளைஞர்களுக்கு அனுப்பி, எங்கே திருத்த வேண்டும் என்று அவர்களிடமே கேட்போம்.