கேஸ் விலை எவ்வளவு, வாடகை எவ்வளவு?



வெல்டிங் பட்டறைக்காரர் மாதம் பத்து, இருபது சிலிண்டர் வாங்குவார். அவருக்குக் கடைக்காரர் விலையைக் குறைத்துக் கொடுப்பார். வண்டியில் கொண்டுவந்து இறக்கியும் வைப்பார். வீட்டுப் பின்புறத்தில் பொழுதுபோக்காக வெல்டிங் செய்பவரோ ஆண்டுக்கு ஒன்று, இரண்டு சிலிண்டர்தான் வாங்குவார். அவரிடம் யாரும் பேரம் பேச மாட்டார்கள். சொன்ன விலைதான். அவர் நியாயமான விலைக்கு வாங்குவது எப்படி?

சத்தீஸ்கர் மாநிலத்தில் பிலாய் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1959-இல் பெரிய இரும்பு உருக்காலை இயங்கத் தொடங்கியது. அந்த ஊரில் ஒரு பெரியவர் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். அறுபது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவர். கை மட்டும் பழைய கை. உடைந்த சைக்கிள்களைச் சரிசெய்வது அவருக்குப் பிடித்த வேலை. சைக்கிள் குழாய் மெல்லியது. மின்சார வெல்டிங் வைத்தால் துளை விழுந்துவிடும். அதனால் கேஸ் சுடரில் பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்டுவார். காசு வாங்க மாட்டார். தெருப் பிள்ளைகள் ஓட்டிப் போவதைப் பார்த்தாலே போதும் அவருக்கு.

ஒருநாள் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கப் போனார். முதல் கடையில் 400 ரூபாய் என்றார்கள். இரண்டாவது கடையில் 550 ரூபாய். அவர் முதல் கடையில் வாங்கினார். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். (இங்கே சொல்லும் தொகைகள் எல்லாம் கணக்குக்காக. விலை ஊருக்கு ஊர் மாறும்.)

சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்க 97 நாள் ஆயிற்று. நடுவில் மழை. பிறகு காய்ச்சல். கடைக்காரர் முன்பணத்தில் 900 ரூபாயைப் பிடித்துக் கொண்டார்.

"எதற்கு?" என்று கேட்டார் பெரியவர்.

"ஏழு நாள் வரைக்கும் வாடகை இல்லை, பெரியவரே. அதற்குப் பிறகு நாளுக்குப் பத்து ரூபாய். 90 நாளுக்கு 900. ரசீதின் பின்பக்கம் போட்டிருக்கிறதே!"

பின்பக்கத்தைப் பெரியவர் பார்க்கவே இல்லை. ஆக, 400 ரூபாய் கேஸுக்கு அவர் கொடுத்தது 1,300 ரூபாய். இரண்டாவது கடையில் 30 நாள் வாடகை கிடையாது. பிறகு நாளுக்கு ஐந்து ரூபாய். 67 நாளுக்கு 335. விலை 550-ஐயும் சேர்த்தால் 885 ரூபாய். மலிவான கடையில் வாங்கியதால் அவருக்கு 415 ரூபாய் நட்டம்!

இது ஏன் இப்படி? ஆக்சிஜன் காற்றிலிருந்து கிடைப்பது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்தான். காற்றை மிகவும் குளிரவைத்துத் திரவமாக்கி, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கிறார்கள். ஒரு பெரிய சிலிண்டரில் 7 கன மீட்டர் கேஸ் இருக்கும். அதன் எடை சுமார் 9 கிலோதான். அதைச் சுமக்கும் இரும்பு உருளையோ 50 கிலோவுக்கு மேல். 9 கிலோ பொருளுக்காக 50 கிலோ இரும்பை ஏற்றி, இறக்கி, திருப்பிக் கொண்டுபோக வேண்டும். அந்த உருளையும் விலை உயர்ந்தது. கடைக்காரர் அதை இரவல் கொடுக்கிறார். ஆகவே வாடகை கேட்பது தப்பில்லை. அதை வாங்கும்போதே வாய்விட்டுச் சொல்லாததுதான் தப்பு.

ஆகவே விலை என்ன என்ற ஒரு கேள்வி போதாது. கேஸுக்கு எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எத்தனை நாள் வாடகை இல்லை, அதற்குப் பிறகு நாளுக்கு எவ்வளவு, வண்டிக் கூலி யாருடையது, ஜி.எஸ்.டி. வரி விலைக்குள் இருக்கிறதா, தனியா? இத்தனையும் கேட்க வேண்டும். கேட்டதை ரசீதில் எழுதி வாங்க வேண்டும். கேட்டால் கடைக்காரர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

சிலிண்டர் எண்ணும் ரசீதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரின் தோளிலும் ஒரு எண் வெட்டப்பட்டிருக்கும். அது இல்லாவிட்டால், முன்பணம் திருப்பித் தரும் நாளில் "இது எங்கள் சிலிண்டர் இல்லை" என்று சொல்ல இடமிருக்கிறது.

தோளில் இன்னும் சில எண்கள் உண்டு. எண் படிக்கத் தெரிந்தவருக்கு அவை பேசும். 'டபிள்யூ.சி.' என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருப்பது, உருளையில் எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்ற அளவு. பெரிய சிலிண்டரில் 46.7 என்று இருக்கும். கேஸை அழுத்தி நிரப்புவார்கள். மீட்டரில் 150 காட்டினால் 46.7-ஐ 150-ஆல் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 7,000 லிட்டர். அதாவது 7 கன மீட்டர். மீட்டர் 120 காட்டினால் 5,600 லிட்டர்தான். ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காசு மட்டும் முழுசாக எதற்குக் கொடுக்க வேண்டும்? ஒரு விஷயம்: குளிரில் அழுத்தம் குறையும். நல்ல வெயிலில் 150 காட்டுவது பனிக்காலக் காலையில் 140 காட்டலாம். அதற்காகச் சண்டை போட வேண்டாம். 120 என்றால் கட்டாயம் கேட்க வேண்டும்.

மீட்டர் மாட்டும்போது கையிலோ துணியிலோ எண்ணெய், கிரீஸ் இருக்கவே கூடாது. ஆக்சிஜன் அழுத்தத்தோடு பட்டால் எண்ணெய் தானாகத் தீப்பிடிக்கும்.

தோளில் சோதனைத் தேதியும் இருக்கும். ஆக்சிஜன் உருளையை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தம் வைத்துச் சோதிக்க வேண்டும். சொந்த சிலிண்டர் வைத்திருப்பவர் இதை முக்கியமாகப் பார்க்க வேண்டும். காலி சிலிண்டரைக் கொடுத்து நிறைந்ததை வாங்கும்போது, நல்லதைக் கொடுத்துவிட்டுத் தேதி கடந்த பழசைத் தூக்கி வருபவர்கள் உண்டு. பிறகு அதற்குச் சோதனைச் செலவும் அவர் தலையில்தான் விழும்.

அசிட்டிலின் கேஸுக்கு மீட்டர் கணக்கு சரிவராது. அந்தச் சிலிண்டர் அரக்கு நிறத்தில் இருக்கும். உள்ளே அசிட்டோன் என்ற திரவத்தில் கேஸ் கரைந்திருக்கும். அதனால் தராசுதான் சாட்சி. எடுக்கும்போது ஒரு எடை, திருப்பும்போது ஒரு எடை. சிலிண்டரைப் படுக்கவைத்து வேலை செய்தால் அசிட்டோனும் வெளியே வரும். அதை நிமிர்த்தியே வைக்க வேண்டும்.

சிலர் சமையல் கேஸ் சிலிண்டரை எடுத்துவந்து சுடர் பிடிக்கிறார்கள். மலிவாகத் தெரியும். ஆனால் வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரைப் பட்டறை வேலைக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். பெரிய சிலிண்டரிலிருந்து சிறியதற்கு வீட்டில் தாங்களே கேஸ் மாற்றுவது அதைவிட மோசம். அதில் மிச்சமாகும் காசு ஆஸ்பத்திரிக்குக்கூடப் போதாது.

கேட்டாலும் கிடைக்காத காலமும் உண்டு. 2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாவது அலை வந்தது. தொழிலுக்கான ஆக்சிஜனை மத்திய அரசு மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிட்டது. பிலாய் ஆலையும் அனுப்பியது. அப்போது பட்டறைகள் மூடிக் கிடந்தன. அது நியாயமான காரணம். தட்டுப்பாடு என்று சும்மா சொல்லி விலை ஏற்றுவது வேறு.

அளவில் குறை இருந்தால் எடை அளவுத் துறையிடம் புகார் செய்யலாம். பணத்தைத் திருப்பித் தராவிட்டால் 1915 என்ற தொலைபேசி எண்ணில் நுகர்வோர் உதவி கேட்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொந்த உபயோகத்துக்கு வாங்குபவருக்கும், சுயதொழில் செய்து பிழைப்பவருக்கும் பொருந்தும். ரசீது கையில் இருக்க வேண்டும்.

பிலாய்ப் பெரியவர் அடுத்த முறை என்ன செய்தார்? முதலில் வேலையைச் சேர்த்தார். ஐந்து சைக்கிள் சேரும்வரை கேஸ் வாங்கவில்லை. பிறகு போனது எந்தக் கடைக்கு? அதே 400 ரூபாய் கடைக்குத்தான். ஏழு நாளுக்குள் திருப்பினால் அதுதான் மலிவு என்று இப்போது அவருக்குத் தெரியும். தோளைத் துடைத்து எண்ணைப் படித்தார். மீட்டரைப் பார்த்தார். ரசீதின் பின்பக்கத்தையும் நின்று நிதானமாகப் படித்தார். கடைக்காரர் கைகட்டிக் காத்திருந்தார்.

நாலு நாளில் ஐந்து சைக்கிளும் முடிந்தன. சிலிண்டரில் கேஸ் மீதி இருந்தது. மீதிக்குக் கடையில் பணம் தர மாட்டார்கள். அடுத்த தெருவில் ஜன்னல் கம்பி வேலை செய்பவர் தன் இரும்பைக் கொண்டுவந்து, பெரியவர் வீட்டிலேயே இரண்டு நாள் வேலை செய்து, 150 ரூபாய் கொடுத்தார். ஆறாம் நாள் சிலிண்டர் கடைக்குப் போயிற்று. ரசீதில் இருந்த எண்ணும் தோளில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்தன. முன்பணம் முழுவதும் கைக்கு வந்தது. பெரியவர் அதை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினார்.