கால் ரூபாயின் விலை

பழைய நாணயம் எதுவாயினும் பெருவிலை பெறும் என்னும் நம்பிக்கை நம் மக்களிடையே வேரூன்றியிருக்கிறது. சொந்த ஊரை விட்டு அயல் மாநிலங்களில் குடியேறியவர்கள், பாட்டியார் தந்த நாலணாக்கள் சிலவற்றைப் பெட்டியின் அடியில் போற்றி வைத்திருப்பதுண்டு. அவற்றின் உண்மையான மதிப்பு யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

வயது மட்டும் ஒரு நாணயத்தை அரியதாக்குவதில்லை. விக்டோரியா அரசியின் உருவம் பொறித்த கால் ரூபாய் நூறாண்டுகளுக்கு மேல் பழமையானது. எனினும் தேய்ந்த நிலையில் உள்ளவற்றுள் பல, வெள்ளியின் விலையைவிடச் சற்றே கூடுதலாகத்தான் விலைபோகின்றன. பெருந்தொகையாக அடிக்கப்பட்டமையே அதற்குக் காரணம்.

அந்நாளைய கால் ரூபாயின் எடை ஏறத்தாழ 2.92 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. முதல் உலகப் போரினால் வெள்ளி அருகியபோது, 1919 முதல் 1921 வரை, எட்டு மூலைகளுடன் செம்பும் நிக்கலும் கலந்த நாலணா வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல், வெள்ளி சரிபாதியாகக் குறைக்கப்பட்டது. 1946-இல் வெள்ளி அறவே நீங்க, புலி உருவம் தாங்கிய நிக்கல் நாணயம் வந்தது. ஆகவே, முதலில் ஆண்டைப் பார்க்கவேண்டும். 1938-ஆம் ஆண்டுக் காசும் 1943-ஆம் ஆண்டுக் காசும் கண்ணுக்கு ஒத்தவையாகத் தோன்றினும், உள்ளே இருக்கும் வெள்ளி ஒன்றன்று.

இனி, அருமை என்பது எவ்வாறு உண்டாகிறது? கால் ரூபாயின் மூத்த உடன்பிறப்பாகிய முழு ரூபாயின் கதை ஒன்று இதை விளக்கும். 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தோடு வந்த ரூபாயில், அவருடைய அங்கியில் பொறித்த யானை பன்றியைப்போலத் தோன்றுகிறது என்று மக்கள் சினங்கொண்டனர். அடித்தவற்றுள் பெரும்பகுதி உருக்கப்பட்டது. அடுத்த ஆண்டே யானை திருத்தப்பட்டது. உலைக்குத் தப்பியவற்றைத்தான் இன்று தேடுகிறார்கள்!

ஆண்டைப் போலவே நாணயச்சாலையின் குறியும் நோக்கத்தக்கது. நம் நாட்டில் ஐதராபாத்துக்கு நட்சத்திரம். கல்கத்தாவுக்குக் குறியே இல்லை. இத்தகைய சிறு குறி எத்துணை வேற்றுமை விளைவிக்கும் என்பதற்கு அமெரிக்கக் கால் டாலர் சிறந்த சான்று. வாஷிங்டன் உருவம் கொண்ட அந்நாணயம் 1932-இல் முதன்முதல் வெளிவந்தபோது, பிலடெல்பியாவில் 54 லட்சம் அடிக்கப்பட்டது. டென்வரிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் தலைக்கு நான்கு லட்சத்துக்குச் சற்று மிகுதியே. கழுகின் கீழ் நிற்கும் ஓர் எழுத்தை வைத்தே விலை பன்மடங்கு உயர்கிறது.

இவ்வளவும் அமைந்திருந்தும் ஒரு காசு விலையிழப்பது பெரும்பாலும் வீட்டில்தான். நம் இல்லங்களில் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கும் வழக்கம் பாத்திரத்துக்கு ஏற்றது; நாணயத்துக்கு ஆகாது. பல்லாண்டுகளாகப் படிந்த மெல்லிய கருமையைச் சேகரிப்போர் விரும்புவர். தேய்த்தால் முகத்தின் நுண்கோடுகளும் மழுங்கும். மென்மையான மலிவு பிளாஸ்டிக் உறைகளும் நாளடைவில் பச்சை நிறப் பசையைப் படியச் செய்யும். உலர்ந்த காகித மடிப்பே மேல்.

காண்டாமிருகம் பொறித்த 25 காசை இங்கே கூறாமல் விடலாகாது. 1988 முதல் துருப்பிடிக்காத எஃகில் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டு, 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாதாகிவிட்ட நாணயம் அது. அதற்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சிலர் விளம்பரம் செய்கிறார்கள். நம்பி எழுதுவோரிடம் முதலில் பதிவுக் கட்டணம், பின்னர் வரி என்று பணம் பறிப்பதே அவர்கள் தொழில். வேற்றூரில் வாழும் எளிய குடும்பத்துக்கு அவ்வாறு இழக்கும் சில ஆயிரம் சிறு தொகையா? ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையுமே இவர்கள் பயன்படுத்தத் துணிந்தனர். பழங்காசு வாணிகத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும், அதற்கெனக் கட்டணம் பெற எவருக்கும் உரிமை வழங்கவில்லை என்றும் 2021 ஆகஸ்டில் அவ்வங்கி வெளிப்படையாக அறிவித்தது.