பஸ் போர்டில் ஒரு 'பா'

ஒன்பதாம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிப் பக்கத்துப் பாகூரில் ஒரு கல்விச்சாலை நடந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் அதற்கு மூன்று கிராமங்களைக் கொடையாகக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன.

மூன்று வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு மானியம் வேண்டாம். பாகூர் போர்டு போட்ட பஸ் ஒன்று போதும். "பாரு கண்ணு, பாகூர். பாட்டி, பால், பாய்... எல்லாத்துக்கும் அதே பா!" வில்லியனூர்க்காரர்கள் 'வி'யை எடுத்துக்கொள்ளலாம்: விளக்கு, விரல், விசிறி. இப்படி ஒலியைப் பிரித்துக் கேட்கப் பழகிய காதுக்கு, பிறகு எழுத்து சுலபமாகப் பிடிபடும்.

விரலுக்கும் பயிற்சி வேண்டும். வேர்க்கடலை உரிக்கக் கொடுங்கள். பென்சில் பிடிக்கிற பலம் அதில் வரும். கடலை வாய்க்குள் போகிறதா என்று ஒரு கண் மட்டும் இருக்கட்டும், சின்னதுகளுக்குத் தொண்டையில் சிக்கிவிடும்.

"அங்கன்வாடியில வெறும் பாட்டும் கதையும்தான்" என்று சில அம்மாக்கள் குறைப்படுகிறார்கள். வெறும் பாட்டா அது? 2020 தேசியக் கல்விக் கொள்கையும் மூன்று முதல் எட்டு வயது வரை ஒரே கட்டமாக வைத்து, விளையாட்டு வழியாகத்தான் கற்பிக்கச் சொல்கிறது.

இன்று ராத்திரி காக்கா வடைக் கதையைப் பாதியில் நிறுத்தி, "அப்புறம் என்னாச்சு?" என்று கேளுங்கள். வடையை நரிக்குத் தராமல் காக்காவே தின்றுவிட்டது என்று பிள்ளை சொன்னால் திருத்தாதீர்கள். "ஏன் தரல?" என்று மட்டும் கேளுங்கள்.