டயர் விஷமும் சாலையோரத்து மண்ணும்

(தொழிலாளர் அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



மழை பெய்ததும் தார் ரோட்டில் ஓடும் தண்ணீரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கறுத்து, எண்ணெய் மினுக்கோடு சாக்கடைக்குப் போகும். அதில் இருப்பது என்ன? அதைக் கலந்தவர் யார்? சுத்தம் செய்ய வழி உண்டா? இந்தக் கேள்விகளுக்கு ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கோடியில், வாஷிங்டன் மாநிலத்துச் சியாட்டில் நகரத்திலிருந்து விடை வந்திருக்கிறது. அதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

அங்கே கோஹோ என்றொரு சால்மன் மீன் உண்டு. ஓடையில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மறுபடியும் ஓடைக்கே வரும். 1990-களின் இறுதியில், ஜனங்களின் வரிப்பணத்தைச் செலவிட்டு நகரத்து ஓடைகளைச் செப்பனிட்டார்கள். மீன் திரும்பி வந்தது. ஆனால் மழை பெய்த சில மணி நேரத்தில், வயிற்றில் முட்டையோடு செத்து மிதந்தது. சில வருஷங்களில் வந்த மீன்களில் பாதிக்கு மேல் இப்படிப் போயிற்று.

மீன் செத்தால் யாருக்கு நஷ்டம்? அந்தக் கரையின் பழங்குடி மக்களின் நிலத்தை 1850-களில் உடன்படிக்கை என்ற பெயரால் சர்க்கார் வாங்கிக்கொண்டது. மீன்பிடிக்கும் உரிமை அவர்களுக்கு மிஞ்சியது. அதையும் மறுத்து, வலை போட்டவர்களைக் கைது செய்தார்கள். நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு 1974-இல்தான், பிடிக்கத்தக்க மீனில் பாதிவரை அவர்களுக்குரியது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓடையில் மீனே இல்லையென்றால் அந்தப் பாதிக்கு என்ன அர்த்தம், தோழர்களே?

விஞ்ஞானிகள் ஒரு எளிய பரிசோதனை செய்தார்கள். நெடுஞ்சாலையிலிருந்து வழிந்த மழைத்தண்ணீரைப் பிடித்துத் தொட்டியில் ஊற்றி, கோஹோ மீன்களை விட்டார்கள். ஒரு நாளுக்குள் அத்தனையும் செத்தன. அதே தண்ணீரை மணலும் மட்கிய எருவும் கலந்த மண்ணில் வடியவிட்டு, அந்த வடிநீரில் மீன்களை விட்டார்கள். அத்தனையும் பிழைத்தன. 2015-இல் வெளிவந்த முடிவு இது. மீனைக் கொன்ற விஷத்தின் பெயர் அப்போது எந்த விஞ்ஞானிக்கும் தெரியாது. பெயர் தெரியுமுன்பே மண் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது!

இது மந்திரமல்ல. சிமெண்டுச் சாக்கடைக்குப் பதிலாக ரோட்டோரத்தில் ஆழமில்லாத பள்ளம் வெட்டுகிறார்கள். ஓரக்கல்லில் வாய் திறந்து தண்ணீரைப் பள்ளத்துக்குள் விடுகிறார்கள். உள்ளே சுமார் ஒன்றரை அடி ஆழத்துக்கு, 6 பங்கு மணலும் 4 பங்கு மட்கு எருவும் கலந்து நிரப்பி, புல்லும் புதரும் நடுகிறார்கள். தண்ணீர் தேங்கி நிற்கும்போது வண்டல் மேலேயே படிந்துவிடும். டயரிலிருந்து வரும் துத்தநாகமும், பிரேக்கிலிருந்து வரும் தாமிரமும் எருவில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெயை மண்ணிலுள்ள கிருமிகள் தின்று தீர்க்கும். மண் இறுகாமல் வேர்கள் காக்கும். வெறும் களித் தரையில் தண்ணீர் இறங்காது என்பதை நம் விவசாயத் தொழிலாளித் தோழருக்கு எந்த எஞ்சினீயரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதற்குத்தான் மணல். எருவும் அளவோடு இருக்கவேண்டும். கூடினால் அதிலிருந்தே மணிச்சத்தும் தழைச்சத்தும் கரைந்துபோய் ஏரியில் பாசி பிடிக்கும்.

சியாட்டிலில் ஒரு தெருவை 2001-இல் இந்த முறையில் மாற்றியமைத்தார்கள். தார்ப் பரப்பைக் குறுக்கி, இருபுறமும் பள்ளமும் செடியும் வைத்தார்கள். பிறகு அளந்து பார்த்தபோது, அந்தத் தெருவிலிருந்து வழிந்தோடும் மழைத்தண்ணீர் 99 சதவிகிதம் குறைந்திருந்தது.

விஷத்தின் பெயர் 2020-இல் வெளிப்பட்டது. டயர் ரப்பர் வெடிக்காமலிருக்க 6 பி.பி.டி. என்ற ரசாயனத்தைக் கலக்கிறார்கள். காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து அது 6 பி.பி.டி.–குவினோன் என்ற வேறொரு பொருளாகிறது. தேய்ந்த டயர்த் தூளோடு ரோட்டில் கிடந்து, மழையோடு ஓடைக்குப் போகிறது. ஒரு சொட்டு, மீனுக்கு எமன். பல பத்தாண்டுகளாக உலகமெங்கும் டயரில் சேர்ந்துவரும் சரக்கு இது! விற்ற லாபம் கம்பெனிக்கு. பள்ளம் வெட்டும் செலவு ஜனங்களுக்கு.

ஆகவே, பள்ளம் வெட்டினால் போதும், டயரைக் கேட்காதே என்று யாராவது சொன்னால் அதை நாம் ஏற்கமுடியாது. எல்லா நெடுஞ்சாலைக்கும் பள்ளம் வெட்டிவிடவும் முடியாது. சட்டத்தால் முதலாளியைப் பணியவைக்க முடியுமா? முடியும் என்பதற்கு அதே மாநிலத்தில் அத்தாட்சி இருக்கிறது. பிரேக் கட்டையில் தாமிரத்தைக் குறைக்க அங்கே 2010-இல் சட்டம் வந்தது. 2025-க்குள் அரை சதவிகிதத்துக்குக் கீழே கொண்டுவரவேண்டும் என்று அது கட்டளையிட்டது. டயர் விஷயத்திலும் மூன்று பழங்குடியினர் 2023 ஆகஸ்டில் மத்திய சர்க்காரிடம் மனுக் கொடுத்தார்கள். நவம்பரில் மனு ஏற்கப்பட்டு, விதி செய்வதற்கான ஏற்பாடு தொடங்கியது. அதே நவம்பரில் மீனவர் சங்கங்கள் 13 டயர்க் கம்பெனிகள்மீது வழக்குத் தொடுத்தன. உழைத்துத் தின்பவர்கள் கேட்ட பிறகுதான் இவ்வளவும் நடந்தது.

இன்னொரு விஷயம். இந்தப் பள்ளத்தை வெட்டி, போட்டோ எடுத்து, மறந்துவிட்டால் இரண்டொரு மழைக்காலத்தில் வாய் அடைத்துக்கொள்ளும். குப்பையை எடுக்கவேண்டும், மேலே படிந்த வண்டலைச் சுரண்டவேண்டும், பட்ட செடிக்குப் பதில் புதுச் செடி வைக்கவேண்டும். இது வருஷம் முழுவதும் உள்ள வேலை. நிரந்தரத் தொழிலாளி செய்யவேண்டிய வேலை. நாளைக்கு நம் நகரசபைகள் இத்தகைய திட்டம் போட்டால், காண்டிராக்டுக் கூலி என்ற பேச்சை முதல் நாளே நாம் மறுக்கவேண்டும். சுரண்டியெடுத்த வண்டலில் துத்தநாகமும் டயர்த் தூளும் இருக்கும். அதைக் கீரைப் பாத்திக்கு எருவென்று கொட்டக்கூடாது. அதை அள்ளுகிறவருக்குக் கையுறையும் பூட்ஸும் சர்க்கார் செலவில் தரப்படவேண்டும்.