குணமா, கோளாறா?



முப்பது வயது மகன். நல்ல வேலை. சம்பளத்தை அம்மா கையில் கொடுக்கிறான். எந்த வீட்டுக்குக் குடிபோவது, யாரைக் கட்டிக்கொள்வது, எல்லாம் பெரியவர்களைக் கேட்டுத்தான். நம் தெருவில் அவன் தங்கமான பிள்ளை. நம் வீடுகளை அறியாத ஓர் அமெரிக்க மருத்துவர் அவனுக்குச் சார்பு ஆளுமைக் கோளாறு என்று எழுதிவிடக்கூடும். பெரிய பொறுப்புகளைப் பிறரிடம் விடுவதும், அன்றாட முடிவுக்கும் யோசனை தேடுவதும் அங்குள்ள மனநோய்க் கையேட்டில் அந்தக் கோளாறின் அறிகுறிகள்.

ஆளுமைக் கோளாறு வந்து போகிற காய்ச்சல் அல்ல. ஒருவர் தன்னையும் பிறரையும் பார்க்கும் விதம், உறவாடும் விதம், கோபத்தை ஆளும் விதம், இவை இளவயதிலேயே கோணலாகி, ஆண்டுக்கணக்கில் இறுகிப்போய், அவரையும் கூட இருப்பவர்களையும் வதைப்பது. ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ தெரியாது. பேசித்தான் கண்டறிய வேண்டும். பேச்சு என்று வந்துவிட்டால் ஊர் வழக்கமும் கூடவே வந்துவிடும்.

இதை மருத்துவ உலகமும் உணர்ந்தது. ஒருவருடைய நடத்தை அவருடைய பண்பாடு எதிர்பார்ப்பதிலிருந்து வெகுவாக விலகியிருக்க வேண்டும் என்று 1994-ல் வந்த அமெரிக்கக் கையேட்டின் நான்காம் பதிப்பு வரையறையிலேயே சேர்த்தது. அதே ஆண்டு, ஆளுமைக் கோளாறைக் கண்டறிய உளவியலாளர் அர்மண்ட் லொராங்கர் உருவாக்கிய நேர்காணல் முறையைப் பல நாடுகளில் சோதித்த ஆய்வின் முடிவுகள் வெளியாயின. 11 நாடுகள், 14 மையங்கள், 716 நோயாளிகள். பெங்களூரும் அதில் ஒரு மையம். கேள்விகள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டன. அந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு: ஒரு குணம் ஐந்து ஆண்டுகளாவது நீடித்திருக்க வேண்டும், அதன் தடயம் 25 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். துக்கத்தில் ஆறு மாதம் யாரோடும் ஒட்டாமல் இருப்பவரை இந்த விதி காப்பாற்றிவிடும்.

ஆனால் எல்லோரையும் காப்பாற்றாது. போரில் தப்பி கனடா போய்ச் சேர்ந்த ஈழத்து மனிதர் ஒருவர், சீருடை போட்ட எவரையும் பத்து வருடமாகியும் நம்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நோய்ச் சந்தேகமா? அவர் உயிர் பிழைத்ததே அந்தச் சந்தேகத்தால்தான். கதை தெரியாமல் முடிவு எழுதுவது அநியாயம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2020-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, ஆளுமைக் கோளாறு பணக்கார நாடுகளில் 9.6 சதவீதம், மற்ற நாடுகளில் 4.3 சதவீதம் என்றது. நம்மிடம் குறைவு என்று மகிழ எனக்கு மனம் வரவில்லை. இங்கே எத்தனையோ கோளாறுகள் வீட்டுக்குள்ளேயே சகித்துக்கொள்ளப்படுகின்றன.

பண்பாட்டின் எதிர்பார்ப்பு என்கிறோமே, அதை யார் சொல்வது? நம் ஊரில் நோயாளிக்கு முன்னால் குடும்பம் பேசிவிடுகிறது. தான் விரும்பியவனையே கட்டுவேன் என்று நிற்கும் பெண்ணை, “பிடிவாதக்காரி டாக்டர், சொன்ன பேச்சு கேக்க மாட்டா” என்று அழைத்து வருகிறார்கள். மனைவியை இருபது வருடமாக அடிப்பவனை யாரும் அழைத்து வருவதில்லை. “ஆம்பளைன்னா கோபம் இருக்காதா?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரே வழக்கம் ஒருத்திக்கு நோய்ப்பெயர் சூட்டுகிறது, இன்னொருவனின் கொடுமையை மூடி வைக்கிறது.

2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு, பழைய பெயர்ப் பட்டியலைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, பாதிப்பு எவ்வளவு கடுமை என்றே முதலில் கேட்கிறது. அந்த மாற்றத்தை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். அமெரிக்கக் கையேட்டின் 2013 பதிப்பிலும் பண்பாட்டு நேர்காணல் என்று 16 கேள்விகள் இருக்கின்றன. உங்கள் பிரச்சினையை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று நோயாளியையே கேட்பவை.

அந்தக் கேள்விகளை அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஆகவே வீட்டில் ஒருவரை நீங்கள் அழைத்துப் போகும்போது, மருத்துவர் உங்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னால் வருத்தப்படாமல் எழுந்து போங்கள். பிறகு உங்களையும் கூப்பிடுவார். பல வருடமாக நீங்கள் பார்த்ததும் அவருக்குத் தேவை.