முதல் சம்பளம் மட்டும் சம்பளம் அல்ல

(சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கும் பெற்றோருக்குமான கூட்டத்தில் சங்கத்தின் கல்விப் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பரீட்சை முடிந்த கையோடு நம் லயங்களில் நடக்கும் பேச்சு உங்களுக்குத் தெரிந்ததுதான். "கொழும்புல ஒரு கடையில ஆள் கேக்குறாங்களாம். சாப்பாடு, தங்க இடம் குடுத்து மாசம் 40,000." அப்பா பேசுகிறார், அம்மா மனதுக்குள் கடனைக் கணக்குப் பார்க்கிறார். பிள்ளை வாயைத் திறப்பதில்லை. அதே பிள்ளை கைத்தொலைபேசியைத் திறந்தால் அங்கே ஒருவர், "மனதுக்குப் பிடித்த வேலையைச் செய், பணம் தானாக வரும்" என்கிறார். இந்த இரண்டு பேச்சையும் நான் ஏற்கவில்லை.

பணம் தானாக வராது. அதற்கு நம் தாய்மாரை விடச் சாட்சி வேண்டியதில்லை. மலையில் நிரை பிடித்து, கண் போகுமுன் கை போய்க் கொழுந்து எடுப்பது சாதாரணத் திறமையா? நல்ல மலை கிடைத்த நாளில், மடுவத்தில் தராசைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தில் பெருமை தெரியும். வேலையை அவர்கள் வெறுக்கவில்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுவதைத்தான் வெறுக்கிறார்கள். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயானதும், 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயானதும் யாரும் பிரியப்பட்டுக் கொடுத்ததல்ல. "என் பிள்ளை இந்த மலை ஏறக்கூடாது" என்று ஒரு தாய் சொன்னால், அவர் தேயிலையைக் குறை சொல்லவில்லை, கூலியைச் சொல்கிறார்.

நம் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களாகப் போன இளைஞர் யுவதிகளையும் நினைத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். பிறகு 10,000. பஸ்ஸுக்கும் அறை வாடகைக்கும் காணாது. படிப்பிக்கும் ஆசையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். ஆசை இருக்கிறது என்பதற்காகக் கூலியைக் குறைக்க நாம் இடம் கொடுக்கக் கூடாது. பிடித்த வேலைக்கும் சம்பளம் கேட்கத்தான் வேண்டும். சங்கம் இருப்பது அதற்கும் சேர்த்துத்தான்.

சரி, அப்படியென்றால் 40,000 தரும் கடைக்கே போகட்டுமா? போகுமுன் ஒரு கணக்குப் போடுவோம். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நூற்றுக்கு 3 கட்ட வேண்டும். 40,000 சம்பளத்துக்கு அது மாதம் 6,000 ரூபாய், வருடத்துக்கு 72,000. ஐந்து வருடத்தில், வட்டியைச் சேர்க்காமலே, 360,000. இது பிள்ளையின் சம்பளத்தில் பிடிக்கும் நூற்றுக்கு 8 இல்லாமல். கையில் காசைக் கொடுத்து, நியமனக் கடிதம் கொடுக்காத கடையில் இந்தப் பணம் முதலாளியின் பெட்டியிலேயே இருக்கும். நம் தோட்டங்களில் எத்தனை வீட்டுக் கூரையும் எத்தனை கல்யாணமும் சேமலாப நிதிக் காசில் நடந்தன என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

இன்னொன்று, அந்தக் கடையில் ஐந்து வருடம் கழித்துப் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்கும்? சாமான் கட்டத் தெரியும். வயரிங், வெல்டிங், வாகனத் திருத்தம், சமையல், தையல் என்று ஒன்றைப் படித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்த பிள்ளைக்கு ஆரம்பத்தில் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் ஒரு முதலாளி ஏசினால் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகலாம். நான்காம் மட்டம் எடுத்தால் முழுத் தொழிலாளி. அதற்கு மேல் டிப்ளோமா, ஏழாம் மட்டத்தில் பட்டம் வரை வழி இருக்கிறது. சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளைகளுக்கும், தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில் 13 வருடக் கல்வித் திட்டத்தின் கீழ் தொழிற்பிரிவு உண்டு. "பெயிலாயிட்டான், இனி கடைதான்" என்ற பேச்சை விடுங்கள்.

இந்த இடத்தில்தான் விருப்பத்துக்கு வேலை இருக்கிறது. படிக்கும் இரண்டு மூன்று வருடம் கையில் காசு வராது. அதைத் தாண்டி நிற்க அந்த வேலையில் பிள்ளைக்குக் கொஞ்சமாவது ஈடுபாடு வேண்டும். பழுதான ரேடியோவை யாரும் சொல்லாமலே கழற்றிப் பார்க்கிறானா? பக்கத்துக் காம்பிரா குழந்தைகளை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாளா? அதைக் கவனியுங்கள். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இதைச் சுத்தமாக மறந்துவிடுகிறோம். மகனிடம் ஒரு தடவையாவது கேட்கிறோம், மகளுக்குக் கார்மென்ட்ஸ் பஸ் வரும் நேரத்தை மட்டும் சொல்கிறோம்.

விருப்பம் எல்லாமே தொழிலாக வேண்டும் என்றும் இல்லை. தெளிவத்தை ஜோசப் மலையகத்தின் பெரிய எழுத்தாளர். கொழும்பில் கணக்காளராகச் சம்பளம் வாங்கிக்கொண்டேதான் கதைகளை எழுதினார். பாட்டு, கூத்து, கிரிக்கெட் என்று அலையும் பிள்ளையைத் திட்டாதீர்கள். சோற்றுக்கு ஒரு தொழில் இருந்தால் அதுவும் கூடவே ஓடும்.

வீட்டில் கடன் கழுத்தைப் பிடிக்கும்போது இரண்டு வருடம் காத்திருக்க முடியாத குடும்பங்களும் இங்கே இருக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. போகத்தான் வேண்டுமென்றால் 16 வயது முடியட்டும், அதற்கு முன் வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். நியமனக் கடிதம் கேளுங்கள், சேமலாப நிதி இலக்கம் கேளுங்கள். கடிதத்தைத் தோட்டத் தலைவரிடமோ நம் காரியாலயத்திலோ காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஏற்கெனவே பட்டறையிலோ ஹோட்டல் குசினியிலோ வேலை பழகிவிட்ட அண்ணன்மார், கைத்தொழிலைச் செய்து காட்டியே தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். வகுப்புக்குப் போக வேண்டிய அவசியமில்லை. விபரம் வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இப்போது கேள்விகளைக் கேளுங்கள். பெரியவர்கள் கொஞ்சம் பொறுங்கள், பிள்ளைகள் முதலில்.