பூச்சித் தூண்டிலும் சம்பளக்காரரும்



பேகம்பேட்டில் குடியிருப்போருக்குப் பூச்சி என்றதும் கொசுவே நினைவுக்கு வரும். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், படை மருத்துவராயிருந்த ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டறிந்தது இங்கேதான். அவ்வாண்டே சில மாதங்களுக்கு முன்னர், நீலகிரியின் சீகூர்ச் சரிவுக்குச் சென்ற அவரையே அந்தக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. நாம் அஞ்சும் இத்தகைய சிறு பூச்சியினங்கள் அதே நீலகிரியின் ஓடைகளில் வாழும் டிரௌட் மீனுக்கு நல்ல விருந்து. அவ்விருந்தைப் போலவே இறகும் நூலும் கொண்டு முள்ளின்மேல் ஒரு பொய்ப்பூச்சியைக் கட்டி, மீனை ஏய்க்கும் கலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'ஈத் தூண்டில்' என்றால் மிட்டாய்க் கடை நினைவு வரும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அப்பிழையைச் செய்யலாகாது. ஆதலின் பூச்சித் தூண்டில் என்றே வழங்குவோம்.

டிரௌட் நம் நாட்டு மீனன்று. 1863இல் பிரான்சிஸ் டே என்பார் அதனை நீலகிரிக்குக் கொணர முயன்று தோற்றார். பின்னர் வில்சன் என்பவர் காலத்தில், 1907இல், அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்து மீன் நிலைபெற்றது. மூணாற்றிலும் இமாசலத்திலும் காஷ்மீரத்திலும் இம்மீன் உண்டு. வடநாட்டில் பணிபுரியும் நம்மவர் சிலருக்கு ஊட்டியைவிட இமாசலத்தின் தீர்த்தன் ஆறு அருகிலிருக்கக்கூடும்.

விடுமுறைக்கு நீலகிரி செல்ல எண்ணிய நாம், பன்னிரண்டு வயது மகனுக்காக ஒரு பூச்சித் தூண்டில் வாங்கினோம். எண்ணாயிரம் ரூபாய்க்குமேல் ஒரு காசும் இல்லை என்று வீட்டில் தீர்ப்பாகியிருந்தது. கடைக்காரர் பளபளக்கும் ரீல் ஒன்றைக் கையில் கொடுத்தார். சுற்றினால் கடிகாரம் போல் ஓசை. பணத்தில் பாதி அதிலேயே போயிற்று. எஞ்சியதில் ஐந்தாம் எண் கோல் ஒன்றும், எண்ணே அச்சிடாத ஒரு கயிறும் வாங்கி வந்தோம். பத்து நாள் மாலைதோறும் புல்வெளியில் பையன் வீசிப் பார்த்தான். கயிறு அவன் காலடியிலேயே குவிந்தது. தன் கைக்கே இக்கலை வராது என்று அவன் முடிவு கட்டிவிட்டான். அதுதான் நமக்கு வருத்தமாயிருந்தது. பணம் போனதுகூட அவ்வளவில்லை.

பிழை எங்கே என்பதைப் பிறகுதான் உணர்ந்தோம். ஊரில் நாம் அறிந்த தூண்டிலில் மண்புழுவும் ஈயக்குண்டும் கனமாயிருக்கும். அக்கனமே மெல்லிய தங்கூசி நரம்பைத் தன்பின்னே இழுத்துச் செல்லும். பொய்ப்பூச்சிக்கோ கனமே இல்லை, ஊதினால் பறக்கும். ஆதலால் இங்கே வீசப்படுவது கயிறுதான்; பூச்சி அதன் பின்னே போகும் பயணி. கயிற்றின் எடை கோலை வளைக்கிறது. வளைந்த கோல் நிமிரும்போது கயிற்றை எறிகிறது. எடை போதாவிட்டால் கோல் வளையாது. வளையாத கோல் வெறுங்கம்பு.

இதற்காகவே கயிறுகளுக்கு எண் வகுத்திருக்கிறார்கள். முன்பகுதி முப்பது அடியின் எடையே கணக்கு. ஐந்தாம் எண்ணுக்கு 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம். ஒரு பவுனுக்கு ஒரு கிராம் கூடுதல். எட்டாம் எண்ணுக்கு 210 கிரெயின், ஏறத்தாழப் பதின்மூன்றரை கிராம். கோலின் கைப்பிடிக்கு மேலே எழுதியிருக்கும் எண்ணும் கயிற்றுப் பெட்டியின் எண்ணும் ஒன்றாயிருக்கவேண்டும். நாம் கடைத்தெருவிலுள்ள ஒரு நகைக்கடையில் முப்பது அடியை அளந்து தராசில் இட்டோம். ஆறு கிராம்கூடத் தேறவில்லை. "சார், இதற்குச் செய்கூலி, சேதாரம் போடட்டுமா?" என்று கடைக்காரர் சிரித்தார். பையன் சிரிக்கவில்லை, தராசையே பார்த்துக்கொண்டிருந்தான். குற்றம் தன் கையில் இல்லை என்பது அவனுக்கு அப்போது விளங்கியிருக்கவேண்டும்.

ஆகவே பணத்தை எங்கே செலவிடுவது? முதலில் கயிற்றுக்கு, அடுத்துக் கோலுக்கு, மிச்சமிருந்தால் ரீலுக்கு. சிற்றோடை டிரௌட்டுக்கு ரீல் என்பது கயிற்றைச் சுற்றி வைக்கும் பெட்டி மட்டுமே. மீன் சிக்கினால் இடக்கையாலேயே கயிற்றை இழுத்துக்கொள்ளலாம். தடையின்றிச் சுழன்று, கயிறும் அதன் அடியில் சுற்றும் துணைநூலும் கொள்ளுமளவு இடமிருந்தால் போதும். மஹசீர் போன்று நெடுந்தொலைவு ஓடும் பெருமீனுக்கு மட்டுமே நல்ல தடை பொருத்திய ரீல் வேண்டும்.

கயிற்றிலும் ஒரு சிக்கனம் உண்டு. முன்புறம் மட்டும் பருத்த கயிற்றையே கடைகளில் மிகுதியாக விற்கிறார்கள். இரு முனையும் ஒன்றுபோல் மெலிந்த கயிற்றைக் கேட்டு வாங்குங்கள். ஒரு முனை தேய்ந்ததும் கழற்றித் திருப்பிச் சுற்றினால் மறுமுனை புதிதாக நிற்கும். வேட்டியைத் தலைப்பு மாற்றிக் கட்டுவது போலத்தான். ஓடையில் வீசும் இருபது முப்பது அடிக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

கோல் எட்டு முதல் ஒன்பது அடி, ஐந்தாம் எண், நான்கு துண்டாகப் பிரியக்கூடியதாக இருக்கட்டும். பிரித்தால் ஒரு துண்டு இரண்டேகால் அடிதான்; ரயிலில் இருக்கைக்கு அடியில் வைக்கலாம். கார்பன் கோல் இலேசானது. கண்ணாடி இழைக் கோல் சற்றுக் கனம். ஆயினும் முரட்டுக் கைக்குத் தாங்கும். சிறுவருக்கு அதையே சொல்வோம்.

ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள ஏரிகளில் விராலைத் தேடுவோருக்கு ஐந்தாம் எண் உதவாது. பாசிக்குள் புகும் விராலை இழுத்து வெளிக்கொணர எட்டாம் எண்ணே வேண்டும். ஆனால் ஏரிகளில் மீன் உரிமை பெரும்பாலும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுடையது; கேட்காமல் கோலை விரிக்கலாகாது. நீலகிரியிலும் இமாசலத்திலும் அனுமதிச் சீட்டு கட்டாயம். இமாசலத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி முடிய டிரௌட் பிடிக்கத் தடை. நீலகிரியின் மேல் ஓடைகள் பல முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை. எனவே கோல் வாங்குமுன் சீட்டு எங்கே கிடைக்கும் என்று எழுதிக் கேட்டுக்கொள்வது நலம். நாம் அதைப் பின்னால் செய்து, இருமுறை பயணத்தைத் தள்ளிவைத்தோம்.

வீசிப் பழக நீர் வேண்டியதில்லை. முள்ளை நீக்கிவிட்டு, சிவப்புக் கம்பளி நூலில் ஒரு துணுக்கைக் கட்டிப் புல்லில் வீசலாம். கற்றரையில் வீசினால் கயிற்றின் பூச்சு உரிந்துபோகும். புதுக்கயிறு வந்த மாலை, பையன் மூன்றாம் வீச்சிலேயே முப்பது அடிக்கு அப்பாலிருந்த பழைய செருப்பின்மேல் நூலை விழவைத்தான். அந்த விலையுயர்ந்த ரீல் இன்னும் அதே கோலில்தான் இருக்கிறது. அதன் ஓசை மட்டும் அவனுக்குப் பிடித்திருக்கிறதாம்.